சராசரியை மட்டும் நம்பாதீர்கள்

ஒரு சிறு நிறுவனத்தில் ஐவரின் மாதச் சம்பளம் முறையே 15,000, 16,000, 17,000, 18,000, 1,34,000 ரூபாய் எனக் கொள்வோம். இவற்றின் கூட்டுச் சராசரி 40,000 ரூபாய். ஆனால், ஐவரில் நால்வர் அதில் பாதியைக்கூடப் பெறவில்லை. எண்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால் கிடைக்கும் இடைநிலை அளவு 17,000 ரூபாய் என்பதால், அங்கு வேலைக்குச் சேர விரும்புபவருக்கு இதுவே நேர்மையான விடை. வருமானம், வீட்டு விலை போன்ற, ஓரிரு பெரிய மதிப்புகள் மொத்தத்தையே இழுத்துவிடக்கூடிய தரவுகளில் இடைநிலை அளவையே முதலில் கேளுங்கள். அதிகமுறை வருகின்ற மதிப்பான முகடு, எந்த அளவுச் சட்டை மிகுதியாக விற்கிறது என்பது போன்ற கேள்விகளுக்குப் பொருந்தும்.

மையம் தெரிந்தாலும் சிதறல் தெரியாவிட்டால் பாதி உண்மை மறைந்தே இருக்கும். 48, 49, 50, 51, 52 என்ற மதிப்பெண்களுக்கும் 10, 30, 50, 70, 90 என்பவற்றுக்கும் சராசரி, இடைநிலை அளவு இரண்டுமே 50தான். எனினும், மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிச் சிதறியுள்ளன என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் முதல் தொகுதிக்கு ஏறத்தாழ 1.41, இரண்டாவதற்கோ 28.28. இரண்டாம் தொகுதியில் 10 மதிப்பெண் பெற்ற மாணவருக்குத் தனிக் கவனம் தேவை என்பதைச் சராசரி ஒருபோதும் சொல்லாது. பெரும மதிப்பிலிருந்து சிறும மதிப்பைக் கழித்துப் பெறும் வீச்சு எளிதானதே என்றாலும், ஒரேயொரு விபரீத எண்ணே அதைக் கெடுத்துவிடும்.

திட்ட விலக்கம் காணும்போது, முழுத் தொகுதியும் கையில் இருந்தால் ஒவ்வொரு மதிப்பும் சராசரியிலிருந்து விலகும் அளவின் வர்க்கங்களைக் கூட்டி, அக்கூடுதலை உறுப்புகளின் எண்ணிக்கையாலும், முழுமையிலிருந்து எடுத்த ஒரு பகுதியான மாதிரி மட்டுமே எனில் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வரும் எண்ணாலும் வகுத்து, பின்னர் வர்க்கமூலம் காண வேண்டும்.