ஜாபிக்ஸ் ஆன்லைன் கோர்ஸ்: வீட்டு லேப்டாப்பில் லேப் அமைத்துப் படிப்பது எப்படி?

டிஸ்க் நிரம்புகிறதா, லைன் அறுந்ததா, சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று இரவு பகலாகப் பார்த்துச் சொல்வது மானிட்டரிங் மென்பொருளின் வேலை. நாகியோஸ், செக்எம்கே, புரோமிதியஸ் என்று பல உண்டு. கீழக்கரை, மண்டபம், ராமநாதபுரம் பக்கமிருந்து வளைகுடாவில் நெட்வொர்க் கண்காணிப்பு ஷிப்ட் வேலைக்கு முயல்கிறவர்கள் இந்த வகையில் ஒன்றான ஜாபிக்ஸில் தொடங்கலாம். இலவசம், ஓப்பன் சோர்ஸ், பெரும்பாலான வேலை பிரவுசரிலேயே முடிந்துவிடும்.

நம் வசதிப்படி படிக்கும் கோர்ஸில் வீடியோவை ஓடவிட்டுத் தலையாட்டுவது சுலபம். ஒரு மணி நேர வீடியோவுக்கு இரண்டு மணி நேரம் லேப் (செய்துபார்க்கும் பயிற்சி) என்று ஒதுக்குங்கள். கை வைக்காத பாடத்தை முடித்த கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கோர்ஸைத் தேர்ந்தெடுத்தல்

பணம் கட்டும் முன் எந்தப் பதிப்பில் நடத்துகிறார்கள் என்று பாருங்கள். 2024-ல் வந்த 7.0 நீண்டகால ஆதரவுப் பதிப்பு. புதிதாகத் தொடங்குவோருக்கு அது போதும். 5.0 காலத்துக் கோர்ஸ் என்றால் இரண்டு இடத்தில் இடறும். 'கான்ஃபிகரேஷன்' மெனுவில் இருந்த ஹோஸ்ட் (கண்காணிக்கப்படும் மெஷின்) பட்டியல் 6.4 முதல் 'டேட்டா கலெக்‌ஷன்' மெனுவுக்கு மாறிவிட்டது. டிரிகர் (எப்போது எச்சரிக்க வேண்டும் என்ற விதி) எழுதும் முறையே 5.4-ல் மாறியது, நெளிவு அடைப்புக்குறிக்குள் எழுதிய பழைய வரியை அப்படியே தட்டினால் புதிய பதிப்பு ஏற்காது.

லேப் அமைத்தல்

8 ஜிபி ரேம், 40 ஜிபி காலி இடம் உள்ள லேப்டாப் போதும். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் இரண்டு விஎம் (லேப்டாப்புக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) உருவாக்குங்கள்: ஜாபிக்ஸ் சர்வருக்கு 2 ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க், கண்காணிக்கப்படும் மெஷினுக்கு 1 ஜிபி ரேம், 10 ஜிபி டிஸ்க். விஎம் கிளம்பவே மறுத்தால் பயோஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்யுங்கள்.

இரண்டு விஎம்மிலும் போடும் உபுண்டு சர்வர் லினக்ஸின் ஐஎஸ்ஓ (நிறுவல்) ஃபைல் 2 ஜிபிக்கு மேல் வரும். தினசரி டேட்டா வரம்புள்ள மொபைல் பேக்கில் பாதியில் நின்றுபோகும். ஃபைபர் இணைப்புள்ள இடத்தில் இறக்கி பென் டிரைவில் கொண்டுவருவது நல்லது.

அடுத்தது நெட்வொர்க், புதியவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். விர்ச்சுவல்பாக்ஸ் தானாகத் தரும் 'நாட்' அமைப்பில் இரண்டு விஎம்முக்கும் 10.0.2.15 என்ற ஒரே முகவரிதான் கிடைக்கும், ஒன்றையொன்று பார்க்காது. இரண்டிலும் 'ஹோஸ்ட் ஒன்லி' வகையில் இரண்டாவது அடாப்டரைச் சேர்த்து, உபுண்டுவிலும் அதை இயக்கிவிடுங்கள். 192.168.56 எனத் தொடங்கும் முகவரி வரும். லேப் முழுக்க அதையே பயன்படுத்துங்கள்.

சர்வர் விஎம்மில் ஜாபிக்ஸை நிறுவும்போது நேர மண்டலத்தை 'ஏசியா கொல்கத்தா' என்று வையுங்கள். விட்டுவிட்டால் கிராஃப் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். லாகின் பெயர் அட்மின், முதல் எழுத்து கேப்பிட்டல். கடவுச்சொல் ஜாபிக்ஸ், எல்லாம் சிறிய எழுத்து. உள்ளே போனதும் சர்வர் ஓடவில்லை என்று செய்தி வந்தால், சர்வரின் கான்ஃபிக் ஃபைலில் டேட்டாபேஸ் கடவுச்சொல் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

முதல் ஹோஸ்ட், முதல் டிரிகர்

இரண்டாவது விஎம்மில் ஏஜென்ட்டை (தகவலைச் சர்வருக்குத் தரும் சிறு மென்பொருள்) நிறுவுங்கள். அதன் கான்ஃபிக் ஃபைலில் 'சர்வர்' என்ற வரி 127.0.0.1 என்றிருக்கும். அதை ஜாபிக்ஸ் சர்வரின் ஐபியாக மாற்றி, ஏஜென்ட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃபயர்வாலில் 10050 போர்ட் திறந்திருக்க வேண்டும்.

ரெடிமேட் டெம்ப்ளேட்டை உடனே மாட்ட வேண்டாம். ஐட்டங்கள் (அளந்து பார்க்கும் விவரங்கள்) நிறைய வந்து குவிந்தாலும் எது எப்படி வேலை செய்கிறது என்பது பிடிபடாது. டிஸ்க் நிரம்பிய சதவீதத்துக்கு மட்டும் ஒரு ஐட்டத்தைக் கையால் உருவாக்கி, இடைவெளி 1 நிமிடம் என்று கொடுங்கள். 'லேட்டஸ்ட் டேட்டா'வில் எண் ஓடத் தொடங்கியதும் டிரிகருக்குப் போகலாம். கடைசி மதிப்பை மட்டும் பார்க்காமல், கடந்த 5 நிமிடத்தின் குறைந்தபட்ச மதிப்பு 90-ஐத் தாண்டினால் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரு நொடி ஏறி இறங்கினாலும் அலாரம் அடிக்கும்.

இனி வேண்டுமென்றே கெடுக்க வேண்டும். ஃபாலோகேட் கட்டளையால் பெரிய ஃபைல் ஒன்றை உருவாக்கி டிஸ்க்கை நிரப்புங்கள். இதைச் சர்வர் விஎம்மில் செய்துவிடாதீர்கள். அங்கே டிஸ்க் நிரம்பினால் டேட்டாபேஸே நின்றுவிடும். பிறகு ஃபைலை அழித்துவிட்டு ஏஜென்ட்டை நிறுத்திப் பாருங்கள். டிஸ்க் டிரிகர் பேசாமல் பழைய நிலையிலேயே நிற்கும். தகவலே வராதபோது அது எதை வைத்துத் தீர்ப்புச் சொல்லும்?

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு 11-ஆம் எண் வரை உண்டு. 10 கடும் புயலுக்கு. 11 ஏற்றினால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். ஜாபிக்ஸில் அந்தக் கூண்டு 'நோடேட்டா' ஃபங்ஷன். ஒவ்வொரு ஹோஸ்ட்டுக்கும் 5 நிமிட நோடேட்டா டிரிகர் ஒன்று வையுங்கள். கோர்ஸில் இதை இரண்டு நிமிடத்தில் கடந்துபோகக் கூடும். நீங்கள் ஒரு மாலை முழுக்க இதிலேயே உட்காரலாம்.

எச்சரிக்கை போனுக்கு வர

மூன்று இடமும் சரியாக இருக்க வேண்டும்: மீடியா டைப் (எந்த வழியில் அனுப்புவது), யூசருக்குக் கீழே மீடியா (யாருடைய முகவரிக்கு), அலர்ட்ஸ் மெனுவில் எப்போது அனுப்புவது என்று சொல்லும் ஆக்‌ஷன். நிர்வாகிக்குச் செய்தி அனுப்பும் ஆக்‌ஷன் தயாராகவே இருக்கும், ஆனால் ஆஃப் ஆகியிருக்கும். டெலிகிராம் என்றால் முதலில் நீங்கள்தான் பாட் என்ற தானியங்கிக் கணக்குக்கு 'ஸ்டார்ட்' அனுப்ப வேண்டும். பாட் தானாக முதல் செய்தி அனுப்பாது. ஜிமெயிலுக்கு வழக்கமான கடவுச்சொல் எடுபடாது, ஆப் பாஸ்வேர்ட் வேண்டும்.

கரண்ட், உப்புக்காற்று

காற்று பலத்தால் கரண்ட் போகும் ஊர்களில் பேட்டரி 20 சதவீதம் வரும்போதே விஎம்மை முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். திடீரென்று அணைந்தால் டேட்டாபேஸ் கெடலாம். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அப்போதைய நிலையின் பதிவு) எடுங்கள். லேப்டாப்பை மூடித் திறந்தால் விஎம்மின் கடிகாரம் பின்தங்கி, பொய் எச்சரிக்கை வரக்கூடும். குரோனி என்ற மென்பொருளை நிறுவியிருந்தால் நேரம் சரியாகும்.

வீட்டு ரவுட்டரையும் வெளியே கூகுளின் 8.8.8.8 முகவரியையும் பிங் மூலம் கண்காணியுங்கள். ரவுட்டரே பதில் சொல்லாவிட்டால் கோளாறு வீட்டுக்குள்; கேபிள் பின்னில் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கடலோரத்தில் அது சாதாரணம். ரவுட்டர் பதில் சொல்லி 8.8.8.8 மட்டும் விழுந்தால் வெளி லைனில் கோளாறு. இரண்டும் ஒன்றாக விழும்போது ஒரே செய்தி வர, 8.8.8.8 டிரிகரின் 'டிபென்டன்சி'யில் ரவுட்டர் டிரிகரைச் சேருங்கள்.

உருவாக்கிய ஐட்டம், டிரிகர்களையெல்லாம் ஒரு டெம்ப்ளேட்டில் சேர்த்து யாமல் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். விஎம் கெட்டாலும் இம்போர்ட் செய்தால் போதும். நேர்காணலில் திறந்து காட்டவும் ஆகும்.