பட்டை வராத பிளாட்

ஆக்சிஜன் குறைந்தால் செல்லில் சேரும் புரதம் எச்ஐஎஃப்-1 ஆல்ஃபா. அதை அடையாளம் காண வாங்கிய ஆன்டிபாடி மூன்று வாரம் என் உயிரை எடுத்தது. ஆய்வகத்தில் வளர்க்கும் மனித ஹீலா செல்களில் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் சோதனை) போட்டால், எப்போதும் இருக்கும் ஆக்டின் புரதம் மட்டும் பளிச்சென்று வரும், மேலே வெறுமை. ஆன்டிபாடியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

தப்பு என்னுடையது. ஆக்சிஜன் இருந்தால் இந்தப் புரதத்தின் புரோலின் என்ற அமினோ அமிலங்களில் ஹைட்ராக்சில் ஏறும், விஎச்எல் என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமில் தள்ளிவிடும். அரை ஆயுள் ஏறத்தாழ 5 நிமிடம்தான். நானோ சாதாரண இன்குபேட்டரில் வளர்த்த செல்களை டிரிப்சின் போட்டுத் தட்டிலிருந்து பிரித்து, சுழற்றி, கழுவி, ஆற அமர உடைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் என்ன மிஞ்சும்?

அடுத்த முறை, அந்த ஹைட்ராக்சில் ஏறுவதைத் தடுக்க, செல்களை 100 மைக்ரோமோலார் கோபால்ட் குளோரைடில் 4 மணி நேரம் வைத்தேன். தட்டை ஐஸ் மேல் வைத்து, ஒரே ஒரு கழுவல், உடனே செல்களை உடைக்கும் சூடான எஸ்டிஎஸ் பஃபரை ஊற்றிச் சுரண்டினேன். டிஎன்ஏ கோந்து மாதிரி நூல் நூலாக வந்தது. மெல்லிய ஊசியில் பத்து தடவை இழுத்துத் தள்ளியதும் சரியானது.

பட்டை வந்தது. ஆனால் 120 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கத்தில்! கணக்குப்படி 93 அல்லவா என்று மறுபடியும் பதறினேன். இந்தப் புரதம் ஜெல்லில் அப்படித்தான் ஓடுமாம். கோபால்ட் போடாத செல்களை ஓட்டிய பக்கத்து லேன் அந்த இடத்தில் காலியாக இருந்ததைப் பார்த்த பிறகே டீ குடிக்கப் போனேன்.