முதன்முதலாகக் கையால் பால் கறந்தது: என் அனுபவம்

வீட்டுப் பசுவிடம் முதல்முறை கறக்க உட்கார்ந்தபோது எனக்கு வந்த சிக்கல் இதுதான்: காம்பை அழுத்தினால் பால் கீழே வராமல் மடிக்கே திரும்பிப் போனது. உள்ளங்கைக்குள் அது மேலே நழுவுவது நன்றாகத் தெரிந்தது.

சரிசெய்தது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். காம்பு மடியோடு சேரும் இடத்தில் இரண்டையும் வளையமாக இறுக்கி, மேல்வழியை முதலில் அடைக்க வேண்டும். பிறகு நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் என்று ஒவ்வொன்றாக மடக்கினால் பால் பீய்ச்சிக்கொண்டு வரும். உடனே பிடியை முழுசாகத் தளர்த்துங்கள். அப்போதுதான் காம்பு மறுபடி நிரம்பும். இழுக்கவே கூடாது. மாட்டுக்கு வலிக்கும், காம்பும் புண்ணாகும். நகத்தையும் ஒட்ட வெட்டிவிடுங்கள்.

அதற்கு முன்னால் மாடு சுரப்பு விட்டிருக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவித் துடைத்து நீவிவிட்டால், பாலைக் காம்புக்கு இறக்கும் ஆக்ஸிடோசின் ஹார்மோன் வேலை செய்து ஒரு நிமிடம் போலக் கழித்துக் காம்புகள் விம்மும். அந்த வேகம் 5 முதல் 7 நிமிடம்தான் இருக்கும்; நடுவில் பாத்திரம் தேடி எழுந்து போகாதீர்கள். மாடு மிரண்டாலும் சுரப்பு நின்றுவிடும். (பேச்சுக் கொடுத்துக்கொண்டே கறந்தால் எங்கள் பசு அசையாமல் நிற்கும்.)

முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைத் தனிக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். திரிதிரியாக இருந்தால் மடிநோயின் அறிகுறி. கறந்ததும் தீவனம் போடுங்கள். காம்புத் துளை மூட அரைமணி நேரம் போல ஆகும், அதுவரை மாடு படுக்காமல் தீவனம் தின்றுகொண்டே நிற்பது நல்லது.