இலைப் புரதத்தை மாஸ் ஸ்பெக்கில் ஏற்றுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய முருங்கைக்கீரையிலிருந்து மாஸ் ஸ்பெக்குக்காக (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் கருவி) புரதம் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று பார்த்தேன். என் முதல் வருடத்தில் நான் செய்த அதே தவறுகள், அதே வரிசையில். கையுறை போடுவது, டியூபில் பெயர் எழுதுவதெல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

டிடர்ஜென்டோடு மெஷினில் ஏற்றுவது

சவ்வுப் புரதம் கரையட்டும் என்று டிரைட்டன் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்ட் சேர்ப்பார்கள். கரையும், உண்மைதான். அப்புறம் அதே சாற்றை டிரிப்சின் என்ற நொதியால் வெட்டி நேரே ஏற்றிவிடுவார்கள். தம்பியும் அப்படித்தான் செய்தார். "அக்கா, சிக்னல் பிரமாதமா வருது, வந்து பாருங்க!" என்று கூப்பிட்டார்.

திரையில் சீப்புப் பல் மாதிரி ஒரே இடைவெளியில் சிகரங்கள். இரண்டுக்கு நடுவே அளந்தேன்: 44. அடுத்ததும் 44. அதற்கடுத்ததும் 44. பெப்டைடுகள் (வெட்டிய புரதத் துண்டுகள்) இப்படி வரிசை கட்டி நிற்காது. டிரைட்டனின் வாலில் எத்திலீன் ஆக்சைடு அலகுகள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. ஓர் அலகின் எடை 44 டால்டன். சங்கிலியின் நீளம் மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறும், அதனால்தான் இந்தச் சீப்பு. இது சுலபமாக அயனியாகி, கூட வரும் பெப்டைடுகளின் சிக்னலை அமுக்கிவிடும்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. பெப்டைடுகளைப் பிரிக்கும் சி18 குழாயில் ஒட்டிக்கொண்டு, அடுத்தவர் மாதிரியிலும் கசிந்து வரும். என் கைத்தவறால் ஒருமுறை குழாயையே தூக்கிப் போட வேண்டியதாயிற்று. எனக்குப் பின்னால் வரிசையில் இருந்த தோழியின் மாதிரிகளும் வீணாயின. ஒரு பருவம் முழுக்க வளர்த்த செடிகள் அவை. இதே தவறை யார் செய்தாலும் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

டிடர்ஜென்டை நீக்க, குளிர்ந்த அசிட்டோனை நான்கு மடங்கு ஊற்றி, மைனஸ் 20 டிகிரியில் இரவு முழுக்க வைத்துப் புரதத்தை வீழ்படிவாக்குங்கள். படிவை அசிட்டோனால் இரண்டு முறை கழுவுங்கள். கரைப்பான் பாட்டில்களைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவவே கூடாது.

யூரியாவைச் சூடாக்குவது

புரதத்தைக் கரைக்கச் சேர்க்கும் யூரியாவிலிருந்து சூட்டில் ஐசோசயனிக் அமிலம் வரும். அது லைசின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டி எடையை 43 டால்டன் கூட்டும். டிரிப்சின் அந்த இடத்தில் வெட்டாது. 37 டிகிரியைத் தாண்டாதீர்கள்.

பழுப்பேறிய சாறு

வாழைப்பூ நறுக்கினால் கறுக்கிறதே, அதே பாலிஃபீனால் வேலைதான். அரைக்கும்போதே பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபிபி தூளைச் சேருங்கள்.

ருபிஸ்கோவை மறப்பது

ருபிஸ்கோ ஒளிச்சேர்க்கைக்கான புரதம்; இலையில் கரையும் புரதத்தில் பாதிவரை அதுவே இருக்கலாம். அரிதான புரதம் தேடுகிறவர் முதலில் அதைக் குறைக்க வேண்டும்.

பிளாங்க் (மாதிரி சேர்க்காத வெறும் கரைப்பான்) ஓட்டாமல் மாதிரி ஏற்றுவது

கூடாது.

எம்ஆர்டி ரயிலில் வாடி வந்த கீரை

பறித்த இடத்திலேயே திரவ நைட்ரஜனில் போடுங்கள். தம்பியிடம் தொட்டியில் முருங்கை வளர்க்கச் சொல்லியிருக்கிறேன்.