எல்லை 0 என்றால் விடை வருகிறது, 100 என்றால் வரவில்லை: கான்ஜுகேட் கிரேடியன்ட் தகராறு

இரும்புத் தகட்டில் வெப்பம் பரவுவதைக் கணக்கிடும் பழைய பைத்தான் புரோகிராம் ஒன்று கைக்கு வந்தது. ஓரங்களெல்லாம் 0 டிகிரி, நடுவில் வெப்ப மூலம் என்று கொடுத்தால், ஒரு ஊகத்தில் தொடங்கிச் சுற்றுச் சுற்றாகத் திருத்திச் சமன்பாடுகளைத் தீர்க்கும் கான்ஜுகேட் கிரேடியன்ட் முறை அழகாக விடைக்கு வந்துவிடும். ஒரே ஒரு ஓரத்தை 100 டிகிரி ஆக்கினால் போதும், பிழை குறைவதுபோல் போக்குக் காட்டிவிட்டு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். சுற்றுகளைக் கூட்டிப் பார்த்தேன், விடைக்கு வேகமாக வர உதவும் ஜேக்கபி முன்சீராக்கி போட்டேன், பலனில்லை. சமன்பாடுகளின் கெழுக்கள் அடங்கிய அதே அணியை (மேட்ரிக்ஸ்), ஊகமில்லாமல் நேரடியாகத் தீர்க்கும் எல்யூ முறைக்குக் கொடுத்தால் சரியான விடை வருகிறது, அதனால் அணி மேல் சந்தேகமே வரவில்லை, நாட்கள் வீணானது இங்கேதான்.

அப்புறம் அணியிலிருந்து அதன் நிரைகளையும் நிரல்களையும் இடம் மாற்றிய அணியைக் கழித்துப் பார்த்தேன். எல்லாம் 0 ஆக வேண்டிய இடத்தில் 1 எட்டிப் பார்த்தது. எல்லைப் புள்ளிகளின் நிரைகளை மட்டும் அழித்து மூலைவிட்டத்தில் 1 வைத்திருந்தார்கள், நிரல்களைத் தொடவில்லை. சமச்சீர், அதாவது நிரையையும் நிரலையும் மாற்றினாலும் அதே அணியாக இருப்பது, போய்விட்டது. எல்யூவுக்கு அது தேவையில்லை, ஹெஸ்டனஸும் ஸ்டீஃபெலும் 1952இல் வெளியிட்ட கான்ஜுகேட் கிரேடியன்ட் முறைக்கோ அதுதான் அடிப்படை.

எல்லை மதிப்பு 0 என்றால் மட்டும் எப்படி ஓடியது? தொடக்க ஊகமும் 0 என்பதால் எல்லைப் புள்ளிகளில் பிழை 0 ஆகவே இருக்கிறது, அந்த நிரல்கள் கணக்குக்குள் வருவதே இல்லை. தொடக்க ஊகத்தில் அந்த ஓரத்துக்கு 100 என்று வைத்தபோதும் ஓடியது!

நிரல்களையும் அழித்து, அவற்றின் பங்கை வலப்பக்கத்துக்கு மாற்றினேன். இப்போது எல்யூ தரும் விடையே வருகிறது. அணியை மாற்ற வழியில்லாதவர்கள் சமச்சீர் கேட்காத ஜிஎம்ரெஸ் முறையைப் போடலாம், நினைவகம் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும்.