64 எம்பி ராமில் ஃபியோ ஓட்டி எஸ்டி கார்டை அளப்பது

லிச்சி பை ஸீரோ போன்ற ஆல்வின்னர் வி3எஸ் போர்டில் மொத்த ராமே 64 எம்பி. கர்னலும் பின்னணிச் சேவைகளும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஃபியோ என்பது சேமிப்பகத்தின் வேகத்தை அளக்கும் கருவி; சர்வருக்கு எழுதிய அதன் ஜாப் கோப்பை (சோதனை அமைப்புகள் கொண்ட கோப்பு) இங்கே அப்படியே ஓட்டக் கூடாது. பிளாக் அளவு, ஐஓடெப்த் (ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கும் கோரிக்கைகள்), நம்ஜாப்ஸ் (இணையாக ஓடும் வேலைகள்) மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். 1 எம்பி, 32, 4 என்றால் பஃபருக்கே 128 எம்பி, அதாவது போர்டின் ராமைப்போல் இரண்டு மடங்கு. கர்னல் ஃபியோவைக் கொன்றுவிடும். டிமெசேஜில் (கர்னலின் செய்திப் பதிவு) ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரி நிற்கும்.

சோதனைக் கோப்பை டெம்ப் கோப்புறையில் வைக்காதீர்கள். பல போர்டுகளில் அது டிஎம்பிஎஃப்எஸ், அதாவது ராமிலேயே இருக்கும் கோப்பு முறைமை. கார்டு என்று நினைத்து ராமை அளப்பீர்கள், அந்த ராமும் தீரும். கார்டில் ஸ்வாப் (ராம் போதாதபோது கர்னல் பயன்படுத்தும் இடம்) இருந்தால் ஸ்வாப்ஆஃப் கொடுத்து நிறுத்துங்கள். இல்லையென்றால் ஸ்வாப்பின் எழுத்தும் உங்கள் எண்ணிக்கையில் கலந்துவிடும்.

இந்த அமைப்பில் தொடங்கலாம்: ஐஓஎன்ஜின்=பிசிங்க், டைரக்ட்=1, ஆர்டபிள்யூ=ராண்ட்ரைட், பிஎஸ்=4கே, சைஸ்=256எம், நம்ஜாப்ஸ்=1, டைம்_பேஸ்டு, ரன்டைம்=120. பிசிங்கில் ஐஓடெப்த்தை எவ்வளவு ஏற்றினாலும் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைதான் போகும். நினைவகத்துக்கு அதுவே நல்லது. டைரக்ட் (கேச்சைத் தவிர்த்து நேராக எழுதுவது) இருப்பதால் கோப்பு ராமைவிடப் பெரிதாக இருந்தாலும் கேச் பெருகாது.

ராண்டம் மேப்பை (எந்த பிளாக்குகள் முடிந்தன என்று ஃபியோ வைக்கும் குறிப்பு) நினைத்துப் பயப்பட வேண்டாம். பிளாக்குக்கு ஒரு பிட் என்பதால் 256 எம்பி கோப்புக்குச் சுமார் 8 கேபிதான். லேட்டன்சி லாக்தான் (கோரிக்கைகள் எடுத்த நேரத்தின் பதிவு) ஆபத்து. ஒவ்வொரு ஐஓவுக்கும் (ஒரு படிப்பு அல்லது எழுத்து) ஒரு பதிவு நினைவகத்தில் சேர்ந்துகொண்டே போகும்; லாக்_ஏவிஜி_எம்செக்=1000 கொடுத்தால் விநாடிக்கு ஒரு சராசரியாகச் சுருங்கும்.

தொடங்கும்போதே ‘ஃபெயில்டு டு செட்டப் எஸ்ஹெச்எம் செக்மென்ட்’ என்று நின்றால், முதலில் கர்னலில் சிஸ்வி ஐபிசி (நிரல்கள் நினைவகம் முதலியவற்றைப் பகிரும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய கர்னல்களில் அதை நீக்கிவிடுவது வழக்கம். அதைச் சேர்த்துக் கர்னலைக் கட்டலாம், அல்லது ஃபியோவையே டிஸேபிள்-எஸ்ஹெச்எம் கொடுத்துக் கட்டலாம். இரண்டாவதுதான் சுலபம்.

ஃபியோவுக்கே இடமில்லாத போர்டில் டிடி (தரவை நகலெடுக்கும் எளிய கட்டளை) போதும், ஆனால் கான்வ்=எஃப்சிங்க் (முடிவில் எல்லாவற்றையும் கார்டில் எழுதவைக்கும் விருப்பம்) இல்லாமல் வேண்டாம். டர்ட்டி_ரேஷியோ (இன்னும் கார்டுக்குப் போகாத எழுத்து ராமில் எவ்வளவு தங்கலாம் என்ற கர்னல் வரம்பு) வழக்கமாக 20 சதவீதம். 40 எம்பி மீதமிருந்தால் 8 எம்பி வரை எழுத்து ராமிலேயே தங்க முடியும். சிறிய கோப்பு கார்டைத் தொடாமலே ‘முடிந்தது’ என்று சொல்லிவிடும்.

ஏ1 (எஸ்டி கார்டின் செயல்திறன் வகுப்பு) முத்திரை உள்ள கார்டு 4கே ராண்டமில் குறைந்தது 1500 ரீட், 500 ரைட் ஐஓபிஎஸ் (விநாடிக்கு இத்தனை ஐஓ) தர வேண்டும். எங்கள் பரிந்துரை, சராசரியோடு நிற்காமல் 99ஆம் பெர்சென்டைல் லேட்டன்சியையும் (நூறில் 99 கோரிக்கைகள் முடியும் நேரம்) பாருங்கள். கார்டு உள்ளே குப்பை அள்ளும்போது (பழைய பிளாக்குகளை அழித்து இடம் சேர்க்கும்போது) வரும் நீண்ட தேக்கம் அங்கேதான் தெரியும். சென்சார் தரவை இடைவிடாமல் பதியும் கருவியைக் கெடுப்பதும் அந்தத் தேக்கம்தான்.

எஸ்டி கார்டுக்குப் பதில் நாண்ட் ஃபிளாஷ் சிப்பில் யூபிஐஎஃப்எஸ் கோப்பு முறைமை என்றால் கணக்கு மாறும். அங்கே டைரக்ட் கேட்டாலும் கேச் வழியாகவே எழுதும்; ஆகவே எண்ட்_எஃப்சிங்க்=1 சேருங்கள். அது தரவைச் சுருக்கியும் எழுதக்கூடியது என்பதால் ரீஃபில்_பஃபர்ஸும் (ஒவ்வொரு முறையும் புதிய தரவை நிரப்பும்) கொடுங்கள். டிடியில் பூஜ்யங்களை எழுதி அளந்தால் வருவது பெரும்பாலும் சிபியு சுருக்கும் வேகம்.