படகுக்குக் காம்பஸ் வாங்கும்போது செய்யும் தவறுகள்

பைபர் படகுக்கு முதன்முதலாகக் காம்பஸ் வாங்கும் தம்பிகள், நான் அந்தக் காலத்தில் அடித்த கூத்தையே மறுபடியும் அடிக்கிறார்கள். தண்ணீர் புகாததாக வாங்கு, இரவில் எண் தெரிகிறதா பார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுவோம்.

வைக்கும் இடத்தை யோசிக்காமல் வாங்குவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கடையில் மேசைமேல் வைத்துத் திருப்பிப் பார்க்கிறார்கள், வடக்கு சரியாகக் காட்டுகிறது, வாங்கிவிடுகிறார்கள். படகுக்கு வந்தபின் இடம் தேடினால் பாட்டுப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஸ்பீக்கருக்குள் இருப்பது காந்தம். வயர்லெஸ், பேட்டரி கம்பி, இரும்புச் சாமான், சட்டைப்பையில் உள்ள செல்போன் எல்லாமே ஊசியை இழுக்கும்.

நாகப்பட்டினம் பக்கத்துப் பையன் ஒருவன் இப்படித்தான் பொருத்தியிருந்தான். ஒருநாள் ஜிபிஎஸ் அணைந்துபோக, காம்பஸை நம்பி நேர்மேற்கே ஓட்டி வந்தவன் வேறு ஊர்க் கரையில் போய் நின்றான். 10 டிகிரி பிசகினால் 20 கடல் மைலில் மூன்றரை மைல் தள்ளிப் போவீர்கள். கோடியக்கரைக்குத் தெற்கே, இலங்கையோடு 1974-ல் ஒப்பந்தம் போட்ட எல்லைக்கோட்டின் பக்கம் அந்த மூன்றரை மைல் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“சரி, பத்தைக் கழித்துக்கொண்டு ஓட்டுகிறேன்” என்றான். அது நடக்காது. படகு போகும் திசை மாற மாற அந்தப் பிசகும் மாறும்; மேற்கே போகும்போது 10 என்றால், வடக்கே போகும்போது ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம்.

அதனால் முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள், அந்த இடத்துக்கு ஏற்ற காம்பஸை அப்புறம் வாங்குங்கள். இறுக்கி முடுக்குவதற்கு முன், படகைக் கட்டிவைத்து எஞ்சின், விளக்கு, வயர்லெஸ், பாட்டு என்று ஒவ்வொன்றாகப் போட்டு அணையுங்கள். காம்பஸுக்குள் ஊசியோடு சேர்ந்து திரும்பும் டிகிரித் தட்டு அசைந்தால் இடம் சரியில்லை. பிறகு கலங்கரை விளக்கமும் கோபுரமும் ஒரே கோட்டில் தெரியும் இடத்தில் எட்டுத் திசைக்கும் படகைத் திருப்பி, காம்பஸ் வழியாக அந்தக் கோட்டைப் பாருங்கள். கடல் வரைபடம் சொல்லும் டிகிரிக்கும் காம்பஸ் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி ஒட்டிவையுங்கள். நம் கரையில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள விலகல் ஓரிரு டிகிரிதான், தொல்லையெல்லாம் படகுக்குள்ளேதான்.

மலையேறுபவர்களின் காம்பஸ்

வேண்டாம். படகு சாய்ந்தால் ஊசி முட்டி நின்றுவிடும்.

எந்தக் கடலுக்குச் செய்தது?

ஐரோப்பாவில் ஊசியின் வடமுனை கீழே சாயும். அதைச் சமன்செய்யத் தென்பக்கம் எடை கூட்டியிருப்பார்கள். நம் தென்கோடியை ஒட்டிக் காந்த நடுக்கோடு, அதாவது ஊசி எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் கோடு, போகிறது. 1963-ல் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் முதல் ராக்கெட் விட்டதும் அந்தக் கோடு பக்கத்தில் இருந்ததால்தான். இங்கே ஊசி ஏறக்குறைய மட்டமாகவே நிற்கும் என்பதால், அந்தக் கூடுதல் எடை தட்டைச் சாய்த்துவிடும். வெளிநாட்டுப் பழைய காம்பஸ் மலிவாகக் கிடைத்தால் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

குமிழி

தட்டு மிதக்கும் திரவக் கிண்ணத்துக்குள் குமிழி தெரிந்தால் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.

விளக்குக் கம்பி

காம்பஸ் விளக்குக்குப் போகும் இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கி இழுங்கள். தனித்தனியாக விட்டால், விளக்கைப் போட்டதும் தட்டு நகரும்.